மூடியக்காவின் இடது கை

ஐஸ்கிரீம் தொழிற்சாலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கோப்பைகளின் மேல் மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கும் இடத்தில் நிறுத்தினார்கள். ஓடும் பட்டையில் வரிசையாக வரும் கோப்பைகளில் எது கோணல் மூடி என்று கண் பார்ப்பதற்கு முன்பே அவள் விரல் எடுத்துவிடும். அப்போது வைத்த பெயர் மூடியக்கா. பிறகு மூடியை விட்டு, அட்டைப்பெட்டி கட்டும் இடத்துக்குப் போனாள். அங்கிருந்து, பெட்டிகளைக் குளிர் அறைக்குள் அடுக்கும் வேலைக்குப் போனாள். பெயரும் கூடவே போனது. அவளைவிட வயதில் மூத்த காவலாளிகூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்.

குளிர் அறை அவளுக்குப் பிடித்த இடம். பஞ்சு அடைத்த சட்டை, காதை மூடும் தொப்பி, ஒன்றின் மேல் ஒன்றாகக் கையுறைகள். மூச்சு புகையாக வரும். காது மூடியிருப்பதால் யாரும் யாரோடும் பேச முடியாது, எல்லாம் கைஜாடைதான். அவள் கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். வீட்டிலும் ஹாரன் அடிப்பதுபோலத்தான் பேசுவார். மகள் அவருக்கு மேல். "காலையில உள்ள போய்க் கதவைச் சாத்தினதும்தான் எனக்குக் காது இருக்கறதே ஞாபகம் வருது" என்பாள் மூடியக்கா.

குளிர் அறையிலிருந்து வெளியே வருகிறவர்கள் நேராக வெயிலில் இறங்கக் கூடாது. முன்பு ஒருவன் அப்படி இறங்கிச் சுருண்டு விழுந்ததிலிருந்து அது சட்டமாகிவிட்டது. பக்கத்திலேயே ஓர் அறை. உள்ளே ஹீட்டர், நீளமான பெஞ்சுகள், தேநீர் கொதிக்கும் பெரிய பாத்திரம். விரல்கள் சரியாக மடங்கும்வரை அங்கே உட்கார்ந்து, தேநீர் குடித்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். கதவில் சூட்டறை என்று பலகை தொங்கியது. எல்லாரும் அடுப்படி என்றார்கள்.

வாரத்தில் ஒரு நாள் வரும் கம்பெனி டாக்டரும் அங்கேதான் உட்காருவார். அவருக்கென்று மாடியில் தனி அறை இருந்தது. ஆனால் கழுத்தில் மப்ளர் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. "இந்தக் கட்டடத்துல மனுஷன் இருக்கக்கூடிய இடம் இது ஒண்ணுதான்யா" என்று சொல்லி, மேஜையை ஹீட்டர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். வேலை செய்கிறவர்களுக்கும் அது வசதியாக இருந்தது. தேநீரும் டாக்டரும் ஒரே இடத்தில் கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

முதல் கட்டி இடது தோளுக்குக் கீழே கடுகளவு வந்தது. கொசுக்கடி என்று நினைத்துச் சொறிந்தாள். அது போகவில்லை. பக்கத்தில் இன்னொன்று வந்தது. பிறகு ஒரு கூட்டமே குடிவந்தது. தோளிலிருந்து முழங்கை வரை, சில பட்டாணி அளவு, சில அதைவிடச் சின்னவை, செம்பழுப்பு நிறம், தொட்டால் கெட்டி. பார்ப்பதற்குத்தான் அவை சாது. வேலை நடுவில் திடீரென்று, பழுக்கக் காய்ச்சிய இடுக்கியால் யாரோ பிடித்துத் திருகுவதுபோல வலி வரும். அந்த நேரத்தில் சட்டைத் துணி உரசினாலும் உயிர் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டு, வலது கையால் இடது கையைத் தாங்கியபடி நிற்பாள். தொப்பிக்குள் அவள் முனகுவது யாருக்கும் கேட்காது.

பெட்டி தூக்குவதால் வருகிறது என்று அவளாகவே முடிவு கட்டினாள். எல்லாரும் அதையே சொன்னார்கள். வலது தோளில் மட்டும் தூக்கிப் பார்த்தாள். வலி இடது கையை விட்டு நகரவில்லை.

டாக்டரிடம் காட்டினாள். அடுப்படியில் தேநீரைக் குடித்து முடித்து, முகத்தைத் துடைத்து, தலையைச் சரிசெய்துகொண்டு போய் அவர் முன்னால் உட்கார்ந்தாள். வலியில் முகம் கோணிக்கொண்டு டாக்டர் முன்னால் போவது மரியாதையில்லை என்பது அவள் எண்ணம்.

"இங்க அமுக்கினா வலிக்குதாம்மா?"

"இப்ப இல்ல சார்."

"இங்க?"

"லேசா. ஆனா உள்ள இருக்கறப்ப உயிரே போகுது சார்."

"வெளிய வந்தா சரியாயிடுதா?"

"ஆயிடுது சார்."

டாக்டர் கட்டிகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கொழுப்புக் கட்டியாக இருக்கும் என்றார். அடுத்த தடவை நரம்பாக இருக்கும் என்றார். அதற்கடுத்த தடவை, வெளியே பெரிய டாக்டரிடம் காட்டச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அமுக்கிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் ஹீட்டர் பக்கத்தில் அவள் கை ஒன்றுமறியாத பிள்ளைபோல இருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த சூப்பர்வைசர் சிரித்தான். "மூடியக்காவுக்கு உள்ள போனா வலி, வெளிய வந்தா பறந்துடுது. எனக்கும் இந்த வியாதி இருந்துச்சுக்கா. பள்ளிக்கூடம் படிக்கறப்ப."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அன்று தேநீரைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். காய்ச்சலோடுகூட வேலைக்கு வந்தவள். மகள் பிறந்த வாரத்துக்கு முந்தின வாரம் வரை பட்டையின் முன்னால் நின்றவள். வேலையிலிருந்து நழுவுகிறவள் என்ற பேச்சு அவளைப் பற்றி அதுவரை வந்ததே இல்லை.

வெளி டாக்டர்களிடம் விடுமுறை நாளில் போனாள். காலையில் வெந்நீரில் குளித்து, இஸ்திரி போட்ட உடை உடுத்திக்கொண்டு போனாள். கணவரும் வருவார். வேறு ஒருவர் ஓட்டும் பேருந்தில் அவருக்குக் கால் சும்மா இருக்காது. முன்சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்.

ஒருவர் தழும்புச் சதை என்றார். களிம்பு கொடுத்தார். ஒருவர் ஊசி போட்டார். ஒருவர் வெகுநேரம் அவளையே பார்த்துவிட்டு, "மனசுல ஏதாச்சும் கவலை இருக்காம்மா?" என்று கேட்டார்.

அவள் யோசித்துப் பார்த்தாள். "இல்லையே சார்."

"வீட்டுல ஏதாவது பிரச்சனை?"

கணவர் கூரையைப் பார்த்தார்.

"இவர் பேச்சுதான் கொஞ்சம் சத்தம். மத்தபடி தங்கம் சார்."

டாக்டர் தூக்க மாத்திரை எழுதினார். அவள் நன்றாகத் தூங்கினாள். வலி தூங்கவில்லை.

கணவர் செல்போனில் தேட ஆரம்பித்தார். ஒவ்வொரு வியாதியாகப் பேருந்து நிறுத்தம் அறிவிப்பதுபோலச் சத்தமாகப் படிப்பார். மகள் வந்து போனைப் பிடுங்கினாள். "அப்பா, இதுகிட்ட தும்மல்னு போட்டாலும் ஆயுசு முடிஞ்சுதுன்னுதான் சொல்லும். விடுங்க."

விட்டார். ஆனால் வீக்கத்துக்கு ஐஸ் நல்லது என்று படித்ததை மட்டும் விடவில்லை. ஐஸ்கிரீம் கம்பெனிக்காரியின் வீட்டில் ஐஸுக்கா பஞ்சம்? துண்டில் ஐஸ் கட்டிகளை முடிந்து அவள் கையில் வைத்து அழுத்தினார். அவள் போட்ட அலறலில் மாடி வீட்டுக்காரர்கள் இறங்கி வந்துவிட்டார்கள்.

"கெட்டது வெளிய வருது, பொறுத்துக்கோம்மா."

"எடுக்கறீங்களா, இல்ல உங்க மண்டையில வைக்கட்டுமா?"

"உனக்குப் போய் ஐஸ் வச்சேன் பாரு!" என்று அவர் எழுந்து போனார். கோபம் சாப்பாடு வரைக்கும்தான். சாப்பிடும்போது அவள் தட்டை அவரே வலது பக்கமாக நகர்த்தி வைத்தார். அவள் கேட்காமலே, மெதுவாக.

அப்போதுதான் அவள் சொன்னாள். "சரியாகணும்னுகூட இல்லீங்க. இது என்னன்னு யாராவது சொன்னா போதும். பேர் தெரியாத ஆளை வீட்டுக்குள்ள வச்சிருக்கற மாதிரி இருக்கு. ராத்திரி எழுந்து என்ன பண்ணுவானோ தெரியல. இதுல, நான் சும்மா சொல்றேன்னு வேற நினைக்கறாங்க."

தொழிற்சாலையிலும் நிலைமை இறுகிக்கொண்டு வந்தது. வலி தாங்காமல் நேரத்துக்கு முன்பே அவள் வெளியே வருவது கூடிவிட்டது. சூப்பர்வைசர் சிரிப்பதை நிறுத்தியிருந்தான். அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது. "அக்கா, இன்னொரு தடவை இப்படி வந்தீங்கன்னா நான் ஆபீசுக்குச் சொல்லியாகணும். எனக்கும் மேல ஆள் இருக்கு." அவன் கெட்டவன் இல்லை. அதனால் அவளால் அவன்மேல் கோபப்படவும் முடியவில்லை.

பிறகு ஒரு நாள் அடுப்படியின் ஹீட்டர் கெட்டுப்போனது.

மெக்கானிக் அதைப் பிரித்துத் தரையில் பரப்பி வைத்திருந்தான். குளிர் அறையின் கதவு திறக்கும்போதெல்லாம் புகைபோலக் குளிர் உள்ளே வந்தது. அது டாக்டர் வரும் நாள். மப்ளருக்கு மேல் ஒரு போர்வையையும் சுற்றிக்கொண்டு, மூக்கு நுனி மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார். மேஜையை மாடிக்குத் தூக்கிப் போகலாம் என்று மற்றவர்கள் சொன்னதற்கு, மெக்கானிக் இதோ முடித்துவிடுவான் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

மூடியக்கா பெட்டி அடுக்கிவிட்டு வெளியே வந்தாள். தனக்குத் தேநீர் இன்னும் ஊற்றிக்கொள்ளவில்லை. அவள் டாக்டரிடம் காட்ட நினைக்கவும் இல்லை. காட்டிக்காட்டி அவளுக்கே வெட்கமாகிவிட்டிருந்தது. டாக்டர்தான் கூப்பிட்டார்.

"என்னம்மா, கை எப்படி இருக்கு? சட்டையைக் கழட்டிட்டு வாங்க, பார்ப்போம்."

"பரவால்ல சார்."

"வாங்கம்மா. எனக்கும் ஏதாவது வேலை செஞ்சாத்தான் உடம்பு சூடாகும்."

பஞ்சுச் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். டாக்டர் வழக்கம்போல் கட்டை விரலால் ஒரு கட்டியை அமுக்கினார்.

"அட நாசமாப் போறவனே!"

அவள் கை தானாக வீசியது. டாக்டரின் கண்ணாடி பறந்து, பிரித்து வைத்த ஹீட்டர் சாமான்களின் நடுவில் போய் விழுந்தது. மெக்கானிக் திருப்புளியோடு அப்படியே நின்றான். பெஞ்சில் இருந்தவர்கள் தேநீரை வாயில் வைத்தபடி விழுங்க மறந்தார்கள். சூப்பர்வைசர் எழுந்துவிட்டான்.

"சார், சார், மன்னிச்சுடுங்க சார். வாய் தவறிடுச்சு." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வலியிலா, பயத்திலா என்று அவளுக்கே தெரியவில்லை.

டாக்டர் கண்ணாடியைத் தேடவில்லை. அவள் கைக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். கை முழுக்க ரோமம் சிலிர்த்து நின்றது. செம்பழுப்பாக இருக்கும் கட்டிகள் வெளுத்து, முன்பு பார்த்ததைவிட மேலெழும்பி நின்றன.

"இருங்கம்மா, அசையாதீங்க. யாராவது சூடா ஒரு டம்ளர் டீ குடுங்கய்யா. குடிக்க இல்ல."

டம்ளரை அவள் கையில் தொட்டும் தொடாமலும் பிடித்தார். கொஞ்ச நேரம். பிறகு மெதுவாக அமுக்கினார்.

"இப்ப?"

"இப்ப... கொறஞ்சிருக்கு சார்."

"இப்ப?"

"இல்ல சார். போயிடுச்சு."

டாக்டர் போர்வையை உதறிவிட்டு எழுந்தார். "ஒரு கப் ஐஸ்கிரீம் கொண்டு வாங்க."

பெஞ்சில் இருந்த லேபிள் ஒட்டும் பெண் ஓடப்போனவள், நின்று திரும்பினாள். "எந்த வகை சார்?"

"எதுவா இருந்தா என்னம்மா? தின்னவா போறேன்?"

கோப்பை வந்தது. ஒரே ஒரு கட்டியில், ஒரு ஓரமாக, அதை வைத்தார். மூடியக்கா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை திட்டவில்லை. அவள் முகம் திட்டியது. டாக்டர் உடனே எடுத்துவிட்டார்.

"பெட்டியும் இல்ல, கொழுப்பும் இல்ல. குளிர்" என்றார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். "என்னை மாதிரி ஒரு மடையன் உண்டாய்யா? இத்தனை நாளா இவங்களை ஹீட்டர் பக்கத்துல உக்கார வச்சு, வலியை ஆத்திவிட்டுட்டு, வலிக்குதா வலிக்குதான்னு கேட்டிருக்கேன்!"

"நானும் டீ குடிச்சுட்டுத்தானே சார் வந்தேன்" என்றாள் மூடியக்கா, அவரைத் தேற்றுவதுபோல.

அன்று மாலையே அவளைத் தன் காரில் தோல் டாக்டரிடம் அழைத்துப் போனார். கண்ணாடியில் ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்ததால் வண்டியை மெதுவாக ஓட்டினார்.

தோல் டாக்டர் இளவயதுப் பெண். அதிகம் பேசாதவள். மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு கட்டியிலிருந்து மிளகளவு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாள். முடிவு வந்ததும் கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்துச் சொன்னாள்.

"ஒவ்வொரு முடிக்கு அடியிலயும் ஒரு குட்டித் தசை இருக்கு. குளிர்ல நமக்குப் புல்லரிக்குதில்ல, அந்தத் தசை இழுக்கறதாலதான். உங்களுக்கு அந்தத் தசைங்க அங்கங்க முடிச்சு மாதிரி வளர்ந்திருக்கு. குளிர் பட்டா எல்லாம் சேர்ந்து இறுக்குது. அதான் வலி."

"புத்து நோயா டாக்டர்?" என்றார் கணவர். அவர் அவ்வளவு மெல்லிய குரலில் பேசி அவள் கேட்டதே இல்லை.

"இல்ல. இது அது இல்ல."

அதன் பெயரையும் சொன்னாள். மிக நீளமான பெயர். கணவர் திருப்பிச் சொல்லிப் பார்த்து, பாதி வழியில் நின்றுவிட்டார். மூடியக்கா உதட்டுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அது சரியாக வந்தது.

"இன்னும் ஒண்ணு கேக்கணும்" என்றாள் டாக்டர். "உங்க வீட்டுல பொம்பளைங்க யாருக்காவது கர்ப்பப்பையில கட்டி வந்திருக்கா?"

"எங்க அக்காவுக்கு வந்துச்சு. சின்ன வயசுலயே எடுத்துட்டாங்க. அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"சில குடும்பங்கள்ல ரெண்டும் சேர்ந்து வரும். அப்படி வர்ற குடும்பத்துல கிட்னியையும் ஒரு தடவை பார்த்துடறது நல்லது. பயப்படறதுக்கில்ல, பார்க்கறதுக்கு."

பயப்படறதுக்கில்லை என்று சொன்னால் பயப்படாமல் இருக்க முடியுமா? ஸ்கேன் எடுத்து முடிவு வரும்வரை கணவர் வீட்டில் பேசவே இல்லை. அந்த அமைதி மூடியக்காவுக்குப் பிடிக்கவில்லை. "ஏதாவது கத்துங்களேன்" என்றாள். முடிவு நல்லபடியாக வந்தது. சிறுநீரகம் இரண்டும் சுத்தம், ஆண்டுக்கொரு தடவை பார்த்துக்கொண்டால் போதும் என்றார்கள். அவர் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே மகளுக்குப் போன் செய்து சொன்னார். போன் இல்லாமலே கேட்டிருக்கும்.

ஓயாமல் தொல்லை கொடுத்த இரண்டு கட்டிகளைத் தோல் டாக்டர் வெட்டி எடுத்தாள். மற்றவற்றுக்கு, ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஒரு மாத்திரை. அது அந்தக் குட்டித் தசைகளைத் தளர்த்துமாம். மாத்திரையால் கணுக்கால் கொஞ்சம் வீங்கியது. எழுந்து நின்றால் தலை லேசாகச் சுற்றியது. வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் இடுக்கி போய், கிள்ளல் ஆனது. எப்போது வரும், எதனால் வரும் என்று தெரிந்துவிட்டதால், வந்தாலும் அவளுக்கு அதட்டத் தெரிந்தது.

குளிர் அறைக்கு இனி போகக் கூடாது என்று கம்பெனி டாக்டர் ஆபீசில் சொல்லிவிட்டார். கோன் சுடும் பிரிவில் போட்டார்கள். சூடான தகடுகளில் மாவு விழுந்து, வட்டமாக வெந்து, சுருண்டு வரும். உடைந்ததையும் கருகியதையும் பொறுக்கி எடுக்க வேண்டும். வியர்வை ஆறாக ஓடியது. இயந்திரச் சத்தம் வீட்டைவிட மோசம். முதல் வாரம் குளிர் அறையின் அமைதியை நினைத்து ஏங்கினாள். இரண்டாவது வாரம் பக்கத்தில் நிற்பவளோடு கத்திப் பேசப் பழகிக்கொண்டாள். கத்திப் பேசுவதும் ஒரு சுகம்தான் என்று அப்போது தெரிந்தது. இத்தனை வருடமும் வீட்டில் இருவர் இதை அனுபவித்திருக்கிறார்கள்.

சூப்பர்வைசர் ஒருநாள் கோன் பிரிவுக்கு வந்து, தகடுகளைப் பார்ப்பதுபோல நின்றான்.

"அக்கா, அன்னைக்கு நான் சொன்னதையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க."

"கையில இருக்கறதே போதாதா தம்பி, மனசுல வேற வச்சுக்கணுமா?"

அவன் சிரித்தான். உடைந்த கோன் ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்காவுக்குப் போன் செய்தாள். அக்கா வேறு ஊரில் இருக்கிறாள். கர்ப்பப்பைக் கட்டி வந்தவள் என்பதால் அக்காவும் கிட்னி ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள் தோல் டாக்டர். மூடியக்கா எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னாள். டாக்டரின் கண்ணாடி பறந்ததைச் சொன்னபோது அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். ஸ்கேன் என்றதும் சிரிப்பு நின்றது.

"எனக்கு எதுக்குடி அதெல்லாம்? எனக்குக் கை நல்லாத்தானே இருக்கு."

"உடம்புல வேற எங்கயாவது?"

"முதுகுல கொஞ்சம் இருக்கு. வேர்க்குருன்னு நினைச்சுக்கிட்டிருக்கேன்."

"எத்தனை வருஷமா வேர்க்குரு?"

"அதை யாரு எண்ணினா? படுத்தா சுள்ளுன்னு குத்தும். ஃபேன் காத்து பட்டா தாங்காது. உங்க மாமாவுக்கு ஃபேன் இல்லாம தூக்கம் வராது. நான் அணைக்க, அவர் போட, நான் அணைக்க, அவர் போட. ஃபேன் காத்துல எந்த மனுஷிக்குடி வலிக்கும், நல்லா நடிக்கறேன்னு சொல்லுவார். நானும் அப்படித்தான் போலன்னு விட்டுட்டேன். இப்பல்லாம் அடுக்களையில பாயைப் போட்டுப் படுத்துக்கறது."

மூடியக்கா எழுந்து நின்றாள். தலை லேசாகச் சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா இருக்காரா?"

"இங்கதான் படுத்திருக்கார். ஏன்?"

"போனைக் குடு அவர்கிட்ட."

"சண்டை போடாதடி."

"குடுக்கா."

போன் கை மாறும் சத்தம். பின்னால் மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மாமா தூக்கக் கலக்கத்தில் "என்னம்மா, சௌக்கியமா?" என்றார்.

அவள் சண்டை போடவில்லை. முடிக்கு அடியில் இருக்கும் குட்டித் தசையைப் பற்றிச் சொன்னாள். குளிர் பட்டால் அது எப்படி இறுக்கும் என்று சொன்னாள். இடுக்கியைப் பற்றிச் சொன்னாள். அந்த நீளமான பெயரை ஒரு தடவை முழுதாகச் சொன்னாள். "அடுத்த வாரம் அக்காவைக் கூட்டிக்கிட்டு வாங்க மாமா, எங்க டாக்டர்கிட்டயே காட்டலாம். அக்கா நடிக்கல."

மாமா இருமினார். கட்டில் கிரீச்சிட்டது. செருப்பில்லாத காலடிகள் தரையில் நடந்தன. ஒரு சுவிட்ச் தட்டும் ஓசை கேட்டது. கடகட சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து, இறக்கை ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டு, நின்றது.

"ஏய்" என்று அக்காவின் குரல் தூரத்திலிருந்து வந்தது. "என்னடி சொன்ன அவர்கிட்ட?"